முன்னாடியா, பின்னாடியா?

"அண்ணா, டிஐ பெடலுக்கு முன்னாடி எடுக்கவா, பின்னாடியா?" என்று மிக்ஸரில் இருந்த தம்பி கேட்டார். டிஐ என்பது என் பேஸ் கிட்டாரின் சிக்னலை நேராக மிக்ஸருக்கு அனுப்பும் பெட்டி, பெடல் என்பது காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெட்டி. "பின்னாடி எடுப்பா. என் சவுண்டே அங்கதான் இருக்கு" என்றேன்.

பதிலில் தப்பில்லை என்று இன்றும் வாதாடுவேன். பெடலுக்கு முன்னால் எடுத்தால் வெறும் பேஸ்தான் வெளியே போகும். ஃபஸ் (ஒலியைக் கரகரப்பாக முறுக்கும் பெடல்), ஆக்டேவ் (நோட்டை ஒரு ஸ்தாயி இறக்கும் பெடல்) எதுவும் கூட்டத்தின் காதுக்குப் போகாது. மூன்று பேர் வாசிக்கும் பேண்டில் அவற்றைச் சுமந்து வருவதே அந்த ஒரு இடத்துக்காக: கிட்டார்காரர் சோலோவுக்கு ஏறியதும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) காணாமல் போகும். அடியில் பேஸ், மேலே சோலோவும் சிம்பலும், நடுவே சுமார் 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை பள்ளம். அங்கே பிக் மஃப் என்ற ஃபஸ் பெடலை மிதித்தேன். மேடையில் சுவர் எழும்பிய மாதிரி இருந்தது. மிக்ஸர் பதிவில் கேட்டால், சரியாக அந்த எட்டு பார் (தாளச் சுற்று) முழுக்கப் பாட்டுக்குக் காலே இல்லை. அடியில் ஒரு வண்டு ரீங்காரம், அவ்வளவுதான்.

காரணம் தெரியாததில்லை, அதுதான் உறுத்தல். ஃபஸ் அலையின் தலையை வெட்டி மேல் ஹார்மோனிக்ஸை (அடி நோட்டின் மடங்குகளில் வரும் ஒலிகளை) ஏராளமாகச் சேர்க்கும். மொத்த சத்தத்தில் அடி நோட்டின் பங்கு சுருங்கிவிடும். திறந்த இ கம்பி 41 ஹெர்ட்ஸ், ஏ கம்பி 55. கிட்டாருக்கென்று செய்த பெடல்கள் இந்த இடத்தை மதிப்பதே இல்லை. டியூப் ஸ்க்ரீமர் என்ற முறுக்கல் பெடலில், ஒலியைப் பெருக்கும் கெயின் பகுதியே 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறையத் தொடங்கும். பிக் மஃப் வேறு விதம்: டோன் குமிழ் நடுவில் இருந்தால் மிட்ஸை (நடு ஒலிகளை)க் குழியாக்கும். பள்ளத்தை நிரப்ப, பள்ளம் உள்ள பெடலையே மிதித்திருக்கிறேன்.

ஆம்ப் முதுகுக்குப் பின்னால் ஒரு மீட்டரில் இருந்தது, சப்வூஃபரின் அதிர்வும் மேடைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் யாருக்குமே அடி குறைந்தது தெரிந்திருக்காது. இது சமாதானம்தான். சவுண்ட் செக்கில் பெடலை ஆன், ஆஃப் செய்து பார்க்க அரை நிமிடம் போதும். அதுவும் தனியாக அல்ல, ட்ரம்ஸும் கிட்டாரும் ஓடும்போது. தனியாக வைத்த கெயின் பேண்டுக்குள் எப்போதும் அதிகம்தான்.

சொல்லியிருக்க வேண்டிய பதில் "ரெண்டும்". முன்னால் ஒரு சேனல், பின்னால் ஒரு சேனல். அதிலும் வினை உண்டு. சில பெடல்கள் போலாரிட்டியை, அதாவது அலையின் மேடு பள்ளத்தை, தலைகீழாக்கும். இரண்டும் கலந்ததும் அடி அழிந்துவிடும். டிஜிட்டல் பெடலோ, தள்ளி வைத்த மைக்கோ 5 மில்லிசெகண்ட் தாமதித்தால் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஓட்டை விழும். ஜி கம்பியைத் திறந்து வாசித்தால் 98. ஏ கம்பியை நீளமாக ஒலிக்கவிட்டு, மிக்ஸரின் போலாரிட்டி பட்டனை அமுக்கிப் பார்த்து, எது தடிமனோ அதை வைப்பதுதான் வழி. அது தீராவிட்டால் தாமதக் கோளாறு. பின் சேனலில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட வேண்டும்.

ஒரே சேனல்தான் என்றால் கலப்பது என் பெடல் பலகையிலேயே நடக்க வேண்டும். இரண்டு வழிகளைக் கலக்கும் பாஸ் கம்பெனியின் எல்எஸ்-2 பெடலில் ஏ+பி மிக்ஸ்: ஏ லூப்பில் நேரடி கேபிள், பி லூப்பில் ஃபஸ். முதலில் ஏ-யை மட்டும் பைபாஸ் (பெடல் அணைந்திருக்கும்போது வரும் ஒலி) அளவுக்குச் சமமாக்கி, பிறகு பி-யை ஏற்ற வேண்டும். ஃபஸ் தனியாகத் தெரியாமல், எடுத்தால் மட்டும் குறை தெரிகிற அளவோடு நிறுத்த வேண்டும். ஒலியை இரட்டித்து அலையவைக்கும் கோரஸ் பெடல் போட்டாலும் இதே நியாயம், அடி ஆடக்கூடாது. ஆக்டேவ் சங்கதி தனி: திறந்த இ-யை ஒரு ஆக்டேவ் இறக்கினால் 20.6 ஹெர்ட்ஸ், ஸ்பீக்கரின் கூம்பு ஆடுமே தவிர காதுக்கு எதுவும் வராது, அனலாக் பெடல் அங்கே தடுமாறவும் செய்யும். ஏழாம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் உள்ள கட்டத்துக்கு) மேலே வாசித்தால் சுத்தமாகப் பிடிக்கும். வரிசையில் அது ஃபஸுக்கு முன்னால்.

இதோடு முடிந்திருந்தால் பெடல் கணக்கு என்று விட்டிருப்பேன். பதிவைக் கேட்ட ட்ரம்மர், "ண்ணா, அந்த எட்டு பார் காலியாவே இருந்திருக்கலாம்ல?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

க்ரீம் பேண்டில் பேஸ் வாசித்த ஜாக் புரூஸ் 1966லேயே, காலடியில் பெரிய பலகை எதுவும் இல்லாமல், ஆம்பின் முறுக்கலையும் நோட்டுத் தேர்வையும் வைத்தே இடத்தை நிரப்பினார். ரஷ் பேண்டின் கெடி லீயோ கைக்கு பேஸ், வாய்க்குப் பாட்டு, காலுக்கு மூக் டாரஸ் (காலால் வாசிக்கும் சிந்தசைசர்) என்று வைத்துக்கொண்டார். இருவருமே நிரப்பியவர்கள்தான், என் கட்சி. ஆனால் திறந்த ஏ-யோடு ஜி கம்பியின் ஆறாம் ஃப்ரெட்டைச் சேர்த்து மீட்டினால் மேஜர் பத்தாம் இடைவெளி வரும், ஐந்தாம் ஃப்ரெட் என்றால் மைனர். கார்டின் முகம் தெரிந்துவிடும், மின்சாரமே வேண்டாம். அது தெரிந்தும் பெடலை ஏன் மிதித்தேன்? பள்ளம் பாட்டில் இருந்ததா, எனக்குப் பயமாக இருந்ததா?

இப்போதெல்லாம் அந்தக் கேள்வி வந்தால் "ரெண்டும் எடுப்பா" என்கிறேன். பாதி மேடைகளில் "ஒரு சேனல்தான் இருக்குண்ணா" என்ற பதில் வருகிறது. ஒரு நொடி யோசித்துவிட்டு, மறுபடியும் பின்னாடிதான் சொல்கிறேன்.