பலகையும் மாறியது, விண்டோஸும் மாறியது

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. என் மேசைக்கணினியின் பிராசஸர் இன்டெலின் ஆறாம் தலைமுறை, விண்டோஸ் 11 கேட்பதோ குறைந்தது எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும். குறுக்குவழியில் நிறுவலாம் என்றார்கள், எனக்கு மனம் ஒப்பவில்லை. சரி, மதர்போர்டு, பிராசஸர், விண்டோஸ் மூன்றையும் ஒன்றாகவே மாற்றிவிடலாம் என்று இறங்கினேன்.

பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 பிராசஸர், அதற்கு டிடிஆர்4 வகை ராமை ஏற்கும் எச்610 மதர்போர்டு. அதனால் பழைய ராம் அப்படியே பொருந்தியது, அந்தச் செலவு மிச்சம்.

வாங்கும் முன்பே விண்டோஸ் உரிமத்தைப் பார்த்துவிடுங்கள். கணினியோடு சேர்ந்து வரும் ஓஇஎம் உரிமம் பழைய போர்டோடு கட்டுண்டது, புதியதற்கு வராது. தனியாகக் கடையில் வாங்கிய ரீடெய்ல் உரிமத்தை மாற்றிக்கொள்ளலாம். என்னுடையது ஓஇஎம், அதனால் புதிதாக வாங்கினேன்.

பழைய ஹார்டு டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பகிர்வு முறையில் இருந்தது. விண்டோஸ் 11 யூஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறை வழியாகத்தான் துவங்க வேண்டும், அதற்கு ஜிபிடி என்ற புதிய பகிர்வு முறை தேவை. விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கோப்புகளை அழிக்காமல் மாற்றித்தரும், ஆனாலும் நான் புது எஸ்எஸ்டியில் சுத்தமாக நிறுவி, பழையதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன், அதில்தான் அப்பா பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும், ஆகவே கோப்புகளோடு எழுத்துருவையும் மறக்காமல் நகலெடுங்கள்.

அப்புறம் அந்தக் கடிதங்களை, தனி எழுத்துரு இல்லாமலே தமிழாகத் தெரியும் யூனிகோடுக்கு மாற்றும் வேலை. நாற்பது கடிதங்கள் முடிந்திருக்கின்றன.