அவிட்டமும் ஆறாம் தேதியும்

செப்டம்பர் 2, 2025

என் கணவர் பிறந்தது 1987 செப்டம்பர் 6, ஆவணி மாதத்து அவிட்டம். வழக்கமாக நட்சத்திரம் ஒரு நாளிலும் தேதி வேறொரு நாளிலும் வரும். கோயிலும் பாயசமும் நட்சத்திரத்துக்கு, கேக் தேதிக்கு. சூரியனும் சந்திரனும் 19 வருடத்துக்கு ஒருமுறை கணக்கை நேர்செய்துகொள்வதால் இந்த முறை இரண்டும் ஒரே நாளில். 38 வயது நிறைகிறது. ஆளோ தோஹாவில்!

அத்தை முந்திரிக்கொத்து செய்கிறார். வறுத்த சிறுபயற்று மாவை வெல்லப் பாகில் பிசைந்து, மூன்று மூன்று உருண்டையாக ஒட்டி, அரிசி மாவில் தோய்த்துப் பொரிப்பது. வாரக்கணக்கில் கெடாது. திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறும் பக்கத்து வீட்டுத் தம்பியின் பையில் எவ்வளவு இடம் என்பதுதான் இப்போதைய கவலை.

செப்டம்பர் 4

தோவாளைச் சந்தையில் நாளைய ஓணத்துக்குப் பூ அள்ளுகிறார்கள். பிச்சிப்பூ விலையைக் கேட்டுவிட்டு அரளியோடு திரும்பினேன். தம்பி புறப்பட்டுவிட்டான். கொத்தில் பாதிதான் கொள்ளும் என்றான். அத்தை முழுவதையும் திணித்துவிட்டார்.

செப்டம்பர் 6

சுசீந்திரத்தில் கூட்டம். அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார்கள், நட்சத்திரம் கேட்டார்கள். ஆள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நட்சத்திரப் பிறந்தநாளில் எனக்குப் பிடித்ததே இதுதான்: பிறந்தவர் இல்லாமலே நடத்திவிடலாம். கேக்குக்குத்தான் முகம் வேண்டும். ஊதுவதற்கு ஒரு வாய், வெட்டுவதற்கு ஒரு கை என்று அதற்கு எத்தனை நிபந்தனை!

இங்கே பன்னிரண்டரைக்கு இலை போட்டபோது அங்கே காலை பத்து மணி. சனிக்கிழமை விடுமுறை, அப்போதுதான் எழுந்திருந்தார். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தோம். அவியல், எரிசேரி, பருப்பு, பப்படம், அடைப்பிரதமன். பிரதமனில் மட்டிப்பழத்தைப் பிசைந்து பப்படத்தை நொறுக்கிப் போட்டு மகள் சாப்பிடுவதைப் பார்த்து, "எனக்கு ஏன் காட்டுகிறாய்?" என்றார். நேற்று அங்கே ஓட்டலில் ஓணச் சாப்பாடு கிடைத்ததாம், அதில் மட்டிப்பழம் இல்லையாம்.

அத்தை போனை வாங்கி, "மக்களே, எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா?" என்றார். குளித்தேன் என்றார். அந்தத் தலையைப் பார்த்த யாரும் நம்ப மாட்டார்கள். அத்தை நம்பினார், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.

மாலையில் கேக். மெழுகுவர்த்தியை மகள் ஊதினாள். அவரும் அங்கிருந்து கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினார். இரண்டு விநாடி தாமதமாக. அதற்குள் புகைகூட அடங்கிவிட்டது. மறுபடி ஏற்றச் சொன்னாள். நான்கு தடவை ஊதி முடிப்பதற்குள் கேக்கின் மேலெல்லாம் மெழுகு.

செப்டம்பர் 7

இரவு சந்திர கிரகணம். அத்தை ஏழு மணிக்கே அடுக்களையை ஒதுக்கிவிட்டார். நமக்கு 11 மணிக்கு முழுக் கிரகணம் என்றால் அவருக்கு எட்டரைக்கு. சாப்பிட்டுக்கொண்டே மொட்டை மாடியில் நின்று பார்க்கப்போவதாகச் சொன்னார். அத்தையிடம் சொல்லவில்லை.

கொத்து நேற்றிரவே போய்ச் சேர்ந்ததாம். அறையிலுள்ளவர்கள் பாதியைத் தீர்த்துவிட்டார்களாம். அடுத்து ஊரில் யார் தோஹா போகிறார்கள் என்று அத்தை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.