முந்தின காலத்து இரக்கமும் இந்தக் காலத்து அவசரமும்

மட்டக்களப்பில் ஒரு செத்த வீட்டுப் பந்தலிலோ கோயில் வீதியிலோ வயதானவர்கள் நாலு பேர் கூடியிருந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் "முந்தின காலம் மாதிரி இல்ல மனே, இப்ப சனத்துக்கு ஈவிரக்கம் இல்ல" என்ற முறைப்பாட்டில் வந்து நிற்கும். என் வயதினரும் இப்போது அதையே சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த மனவருத்தத்தை நான் மதிக்கிறேன். அதற்குக் காரணமாக அவர்கள் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

எதை இழந்திருக்கிறோம் என்பதைச் செத்த வீட்டில்தான் தெளிவாகக் காணலாம். முன்பு எங்கள் ஊர்களில் ஒரு மரணம் நிகழ்ந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அயல் வீடுகளில் சமைத்த சோறும் கறியும் பானை பானையாக வந்து சேரும். இளைஞர்கள் கம்பும் கிடுகும் தேடிக் கொண்டுவந்து பந்தல் போடுவார்கள், பெண்கள் தேநீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், துக்கத்தில் இருப்பவரைத் தனியே விடக்கூடாது என்பதற்காகவே இரவு முழுவதும் சிலர் விழித்திருப்பார்கள். இன்று ஓர் அழைப்பு விடுத்தால் தகரப் பந்தலும் கதிரைகளும் மின்விளக்குகளும் வாகனத்தில் வந்து இறங்குகின்றன. சாப்பாட்டுப் பொதிகள் கடையிலிருந்து வருகின்றன. அவற்றுக்கான பணம் கட்டாரிலிருந்தோ கனடாவிலிருந்தோ வருகிறது. வெள்ளாமையிலும் இதே கதைதான். அருவாளோடு வயலில் வரிசையாக இறங்கி வெட்டி, கதிர்க்கட்டுகளைக் குவித்துச் சூடு வைத்து, களத்தில் ஒன்றாகத் தூங்கி எழுந்த நாட்களை அறுவடை இயந்திரம் சில மணித்தியாலங்களுக்குள் முடித்துவைத்துவிட்டது.

இந்த மாற்றத்தைப் பார்த்து மனிதர்களின் மனம் கல்லாகிவிட்டது என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் அன்று ஒருவருக்கொருவர் கைகொடுத்ததற்கு அன்பு மட்டும் காரணமாக இருக்கவில்லை. அயலாரின் கையில்லாமல் யாராலும் வெள்ளாமையை வெட்டவோ பிணத்தை எடுக்கவோ முடியாதிருந்தது. இன்று நீ வராவிட்டால் நாளை உன் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள் என்ற கணக்கும் அதில் இருந்தது. தேவையில் முளைத்த அந்தப் பழக்கம் காலப்போக்கில் மனங்களைக் கனியவைத்தது என்பதையும் நான் மறுக்கவில்லை. அந்தத் தேவையைப் பணம் நீக்கிவிட்டது. தேவையோடு சேர்த்து, ஒருவர் முகத்தை ஒருவர் நெடுநேரம் பார்த்திருக்கும் வாய்ப்பும் போய்விட்டது.

அந்தக் காலத்து இரக்கம் எல்லோருக்கும் கிடைத்ததா என்பதையும் கேட்டாக வேண்டும். யார் எந்தக் குடி (தாய்வழிக் குலப் பிரிவு), யார் எந்தச் சாதி, யார் முற்றத்தோடு நிற்க வேண்டும், யார் உள்ளே வரலாம் என்ற வேலிகளுக்குள்தான் அது பெரும்பாலும் பாய்ந்தது. (குடி முறையைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இதற்காக என்னைக் கோபிக்கலாம்; ஆனாலும் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை.) உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1990 ஆகஸ்டில், மட்டக்களப்புக்கு அருகே காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள், அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் குழந்தைகள் உட்பட கிராமத்து மக்கள் கொல்லப்பட்டார்கள். நாம் ஏக்கத்தோடு நினைவுகூரும் முந்தின காலத்துக்குள் அந்த ஆண்டும் அடங்கியிருக்கிறது.

இந்த முறைப்பாடு நமக்கு மட்டும் உரியதும் அல்ல. அடம் மாஸ்ட்ரோயானி, டானியல் கில்பர்ட் என்ற இரு உளவியலாளர்கள் 2023இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, குறைந்தது 60 நாடுகளில் மக்கள் தம் காலத்தில் ஒழுக்கமும் நல்லெண்ணமும் சரிந்துவிட்டன என்று நம்புகிறார்கள். குறைந்தது 70 ஆண்டுகளாக அப்படியே நம்பிவருகிறார்கள். ஆனால் தம்மைச் சூழ்ந்திருப்பவர்கள் தம்மிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கேட்கும்போது கிடைக்கும் விடைகளில் அந்தச் சரிவைக் காணமுடியவில்லை. பழைய கசப்புகள் விரைவாக மங்கிவிடுகின்றன, இன்றைய கெட்ட செய்திகளோ கண்முன்னே வந்து நிற்கின்றன என்பது அவர்கள் தரும் விளக்கம். கல்முனை வீதியில் விபத்து நடந்தால், அடிபட்டவரை ஆட்டோவில் ஏற்றிச் சென்றவரை யாரும் அறிவதில்லை. நின்று படமெடுத்தவரின் காணொளிதான் அன்றிரவு எல்லோருடைய கைபேசிக்கும் வந்து சேர்கிறது.

இரக்கத்தைத் தடுப்பது எது என்று என்னிடம் கேட்டால், அவசரம் என்பேன். 1973இல் வெளியான ஓர் ஆய்வில் டார்லி, பாட்சன் என்ற ஆய்வாளர்கள், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களைப் பேச்சுக்காக இன்னொரு கட்டடத்துக்கு அனுப்பினார்கள். சிலர் பேசவேண்டிய பொருளே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் உவமை. போகும் வழியில் ஒருவர் சுருண்டுகிடந்து இருமிக்கொண்டிருந்தார். நேரம் தாராளமாக இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் 63 வீதமானோர் உதவினார்கள். நேரம் பிந்திவிட்டது என்று சொல்லப்பட்டவர்களில் 10 வீதமானோரே உதவினார்கள். காலையில் கல்லடிப் பாலத்தைக் கடக்கிறவர்களில் நேரம் பிந்தாதவர் யார்?

மனங்கள் வற்றிப்போயிருந்தால் சுனாமி அடித்த 2004 டிசெம்பர் 26ஐ எப்படி விளக்குவது? இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. காரைதீவு, சாய்ந்தமருது, மருதமுனை, திருக்கோவில் எனக் கரையோரம் சிதைந்து கிடந்தபோது, அரச உதவியும் வெளிநாட்டு நிறுவனங்களும் வந்துசேரும் முன்னரே உள்ளூர்களிலிருந்து சமைத்த சோறும் உடுதுணியும் வந்தன. கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார்களுக்கு வழிநெடுகத் தண்ணீரும் அன்னமும் கொடுக்கும் வழக்கமும் இன்றுவரை நின்றுபோகவில்லை. கொடுப்பவர்கள் அவர்களுடைய ஊர் பேரைக்கூடக் கேட்பதில்லை.

ஆகவே என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. சனத்துக்கு இரக்கம் இல்லை என்று ஓயாமல் சொல்லிச் சொல்லியே, உதவி கேட்பதை நாம் நிறுத்திவிட்டோம். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, தனித்து வாழும் முதியவர்கள் எங்கள் ஒழுங்கைகளில் பெருகிவருகிறார்கள். கிளினிக்குக்குப் போக அடுத்த வீட்டுப் பொடியனைக் கூப்பிடலாமே என்றால், "அவன் எங்க மனே வரப்போறான்" என்று சொல்லிவிட்டு, காய்ச்சலோடு பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். ஃபிளின், லேக் என்ற ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாதவர்களிடம் உதவி கேட்கப் போனவர்கள், தாம் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவானவர்களிடம் கேட்டபோதே உதவி கிடைத்துவிட்டதைக் கண்டார்கள். எங்கள் ஒழுங்கையில் அந்த முதியவர்களில் ஒருவருக்காக நானே பக்கத்து வீட்டில் கேட்டுப் பார்த்தேன். அந்தப் பொடியன் மறுக்கவில்லை. இத்தனை நாளும் ஏன் ஒருவரும் தன்னிடம் சொல்லவில்லை என்றுதான் கேட்டான். மாதாந்தக் கிளினிக் நாள் எது என்று இப்போது அவனே விசாரித்து வைத்திருக்கிறான்.