பங்களிப்பாளர் சொன்னது எங்கே போயிற்று?

கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் கருத்துக் கேட்பதற்குக் குறைவே இல்லை. கூகுள் ஃபார்ம் வரும், திட்டத்தின் தளத்தில் புது இஷ்யூ (விவாதப் பதிவு) திறந்து ‘உங்கள் எண்ணத்தை எழுதுங்கள்’ என்பார்கள். எழுதியது என்ன ஆயிற்று என்பதுதான் தெரியாது. நாலு பத்தி யோசித்து எழுதியவர், ஆறு மாதம் கழித்து வெளியீட்டுக் குறிப்பைப் பார்த்துத்தான் முடிவைத் தெரிந்துகொள்கிறார் என்றால், அடுத்த முறை எழுத மாட்டார். சண்டை போடவும் மாட்டார். சத்தமில்லாமல் விலகிவிடுவார்.

அதனால் கேட்கும் பதிவிலேயே மூன்றைச் சொல்லிவிட வேண்டும்: எது இன்னும் முடிவாகவில்லை, எந்தத் தேதிவரை கேட்போம், முடிவெடுப்பது யார். ஏற்கெனவே முடிவாகிவிட்ட விஷயத்தை அறிவிப்பாக மட்டும் போடுங்கள். முடிவெடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பதைப் பங்களிப்பாளர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதில் ரஸ்ட் நிரல்மொழித் திட்டத்தின் நடைமுறை எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே 2014 முதல் பெரிய மாற்றங்களை ஆர்எஃப்சி என்ற முன்மொழிவாக எழுதுகிறார்கள். விவாதம் அடங்கியதும் உரிய குழுவில் ஒருவர் ஏற்கலாம், மூடலாம், தள்ளிவைக்கலாம் என்பதில் ஒன்றை முன்வைப்பார். உடனே ஒரு பாட் (தானியங்கி நிரல்) குழுவினர் பெயர்களைப் பட்டியலிடும். அதிகபட்சம் இருவர் நீங்கலாக மற்றவர்கள் டிக் செய்து, எழுப்பிய ஆட்சேபம் எதுவும் பாக்கியில்லை என்றால்தான் இறுதிக் கருத்துக் காலம் தொடங்கும். அது 10 நாள், விடுமுறை நாட்களும் சேர்த்து. நீண்ட விவாதத்தைத் தொடர்ந்து படிக்க முடியாதவருக்கும் கடைசி வாய்ப்பு கிடைக்கிறது. 2015இல் வகுத்த ஆளுகை விதி இன்னும் முக்கியமானது: பொதுவில் ஏற்கெனவே விவாதித்த காரணங்களை வைத்து மட்டுமே முடிவெடுக்கலாம். குழுவின் தனி அரட்டையில் தோன்றிய புதுக் காரணம் செல்லாது. அதைப் பொதுவில் வைத்து மறுபடி பேச வேண்டும்.

இவ்வளவு பெரிய ஏற்பாடு சின்னத் திட்டத்துக்குத் தேவையில்லை. ஆனால் சுருக்கக் குறிப்பு எழுதும் பழக்கத்தை எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம். பலர் சேர்ந்து நிரல் எழுதும் கிட்ஹப் தளத்தில் விவாதம் நீளும்போது நடுவில் உள்ள கருத்துகள் மறைந்துவிடும். புதிதாக வருபவர் அவற்றைப் பார்க்காமல் அதே வாதத்தை மீண்டும் எழுதுவார். ஆகவே சுருக்கத்தை முதல் பதிவிலேயே தேதியுடன் சேருங்கள். ஆள்வாரியாகத் தொகுக்காமல் வாதவாரியாகத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் மூலக் கருத்தின் இணைப்பைக் கொடுங்கள். எதிர்த்துப் பேசியவரிடம் ‘உங்கள் தரப்பைச் சரியாக எழுதியிருக்கிறேனா?’ என்று கேட்டபிறகே முடிவுக்குப் போங்கள். இந்த ஒரு கேள்வி பாதிச் சூட்டைத் தணிக்கும்.

கடுமையான எதிர்ப்பு வந்தால்? கோ என்ற நிரல்மொழியில் இரண்டு முறை நடந்தது. 2019இல் பிழைகளைக் கையாள ‘ட்ரை’ என்ற உள்ளமைந்த செயல்கூறை (ஃபங்ஷன்) முன்மொழிந்தார்கள். ஒரு நிரல் வரியின் நடுவிலிருந்தே செயல்கூறு திரும்பிவிடும், படிப்பவர் கண்ணுக்குத் தப்பும் என்று பலர் எதிர்த்தார்கள். அடுத்த மாதமே குழு அதைக் கைவிட்டது. 2023இல் கோ கருவிகளின் பயன்பாட்டுத் தரவைச் சேகரிக்கும் டெலிமெட்ரி முன்மொழிவு வந்தது. பயனர் அணைக்காதவரை இயங்கும் என்பது முதல் வடிவம். இங்கே எதிர்ப்பின் மையம் தரவு சேகரிப்பதைவிட, கேட்காமல் அனுப்புவதில் இருந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்ததால் முன்மொழிவு பிழைத்தது. 2024 ஆகஸ்டில் வந்த கோ 1.23இல் தரவு இயல்பாகப் பயனரின் கணினியிலேயே தங்குகிறது. அவர் சம்மதித்தால்தான் வெளியே போகும். நூறு பேர் ‘வேண்டாம்’ என்றாலும், அவர்கள் எந்தப் பகுதியை வேண்டாம் என்கிறார்கள் என்று தேடுவதுதான் பராமரிப்பாளரின் வேலை.

கணக்கெடுப்பு நடத்துவோர் பெரும்பாலும் தவறான ஆட்களிடம் கேட்கிறார்கள். இன்றும் திட்டத்தில் இருப்பவர்களுக்கு எல்லாம் பழகிப்போயிருக்கும். ஒரே ஒரு கமிட் (நிரல் மாற்றப் பதிவு) செய்துவிட்டுத் திரும்பாதவர்களை, மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் கருவியின் ஷார்ட்லாக் கட்டளை காட்டிக்கொடுக்கும். திட்டத்தோடு மெர்ஜ் ஆகாத, அதாவது இணையாத, புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் பதிவு) வைத்திருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தமாக மின்னஞ்சல் தட்டாமல், அவரவர் புல் ரிக்வெஸ்டிலேயே ஒரு கேள்வி கேட்டால் போதும்: ‘எந்த இடத்தில் தடைப்பட்டது?’ பில்டு (நிரலை இயங்கும் வடிவாக்குவது) ஓடவில்லை, சோதனை தன் கணினியில் மட்டும் தோற்றது, மாற்றத்தைச் சரிபார்க்கும் ரிவ்யூவுக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை என்று திருத்தக்கூடிய பதில்கள் வரும்.

வேகமும் முக்கியம். மொசில்லாவில் நடந்த ஓர் ஆய்வில், 48 மணி நேரத்துக்குள் ரிவ்யூ கிடைத்தவர்கள் மீண்டும் பங்களிக்கும் விகிதம் மிக அதிகமாக இருந்தது. முழு ரிவ்யூவுக்கு நேரமில்லையென்றால் ‘பார்த்தேன், வெள்ளிக்கிழமை படிக்கிறேன்’ என்றாவது எழுதுங்கள், அப்படியே படியுங்கள். இந்த இடத்தில் பாட்டை நம்பாதீர்கள். குபர்நெட்டிஸ் என்ற மிகப் பெரிய மென்பொருள் திட்டத்தில் அசைவில்லாத இஷ்யூவுக்கு 90 நாளில் ஒரு லேபிள், பின் 30 நாளில் இன்னொன்று, அடுத்த 30 நாளில் மூடல். அந்த அளவு கூட்டத்துக்கு அது நியாயம். மாதம் பத்து இஷ்யூ வரும் திட்டத்தில் மனிதர் யாரும் பதில் சொல்லாத இஷ்யூவை பாட் மூடினால், அது கதவைச் சாத்துவதுதான்.

மறுக்கும்போது காரணத்தையும், எது மாறினால் மறுபடி திறக்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். ‘இந்தப் பகுதியைப் பராமரிக்க இப்போது ஆளில்லை, இருவர் பொறுப்பேற்க முன்வந்தால் திறப்போம்’ என்பது போல. பிறகு ‘தள்ளிவைத்தது’ என்ற லேபிளை ஒட்டுங்கள். ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்கு முன்பும் அந்த லேபிளில் தேடி, சொன்ன நிபந்தனை நிறைவேறியிருக்கிறதா என்று பாருங்கள்.