உப்பு கசியும் நாள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு ஜாடியில் கல்லுப்பு கசிய ஆரம்பித்துவிடும். அம்மா கையை விட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாளுல மழ உண்டு" என்பாள். பாதி நாள் பொய்க்கும், அது வேறு விஷயம். மேகம் எப்படி உண்டாகிறது என்று எனக்குப் புரிந்தது அந்த ஜாடியை வைத்துத்தான்.

தூத்துக்குடிப் பக்கம் எங்களுக்கு உப்பளம், குத்தகைக்கு எடுத்தது. தை, மாசியில் பாத்தியைச் சீர்செய்து தண்ணீர் கட்டினால் புரட்டாசி வரை உப்பு வாரலாம். கடல்நீர் என்றால் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நாங்கள் பாய்ச்சுகிற போர் தண்ணீர் அதைவிடக் காட்டம். வெயிலும் காற்றும் தண்ணீரைக் கொண்டுபோய்விடும், உப்பு நமக்கு. மேகம் கறுத்தால் அப்பாவுக்கு முகம் கறுக்கும்.

தண்ணீர் ஆவியாகி, மேலே போய், குளிர்ந்து மேகமாகும் என்று பள்ளிக்கூடத்தில் அம்புக்குறி போட்டு வரைந்திருக்கிறோம். ஈரக்காற்று மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து விரியும், விரிந்தால் குளிரும், துளி கட்டும் வரை கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம். சரி. ஆனால் குளிர்ந்தால் மட்டும் போதாது. 1880 வாக்கில் ஜான் அயிட்கன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இரண்டு பெரிய கண்ணாடிக் கலங்களில் நீராவியை விட்டுப் பார்த்தார். சாதாரணக் காற்று இருந்த கலத்தில் வெள்ளையாக மூட்டம் போட்டது. பஞ்சில் வடிகட்டிய காற்று இருந்ததில் ஒன்றுமே இல்லை. நீராவி துளியாக உட்கார ஒரு தூசியாவது வேண்டும்.

கடல்மேல் அந்தத் தூசியில் ஒரு பங்கு உப்பு. அலை உடையும்போது குமிழி வெடித்துச் சாரல் தெறிக்கும். அதன் ஈரம் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள் காற்றோடு ஏறிவிடும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் வந்தாலே உப்பு தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மெக்னீசியம் கலந்த கல்லுப்பு இன்னும் சீக்கிரம். அம்மாவின் ஜாடியில் நடப்பதேதான் மேலேயும் நடக்கிறது! அப்படி உருவாகிற மேகத்துளிகள் ஏறத்தாழ பத்து லட்சம் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. பெரிய உப்புத் துகளில் பிறந்த துளி சீக்கிரம் கனத்து, விழுகிற வழியில் மற்றதையெல்லாம் சேர்த்துக்கொள்ளும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்: "அப்பம் நம்மகிட்ட உப்ப வாங்கித்தான் நம்ம உப்பையே கரைக்குதுங்க?"

ஆனி, ஆடியில் எங்கள் தலைக்கு மேலே மேகம் ஓடும், பெய்யாது. மலைக்கு மேற்கே கொட்டிவிட்டு வரும் காற்று, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகி, மேகமும் கலைந்து போகும். உலர்ந்த காற்று, உப்புக்கு அதுதான் யோகம்.

2023 டிசம்பர் 17, 18ஐ இங்கே யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். பூமிக்கு மேலே இருக்கும் நீராவி முழுவதையும் ஒரே சமயத்தில் பிழிந்து உலகெங்கும் சமமாகக் கொட்டினாலும் இரண்டரை சென்டிமீட்டர்தான் தேறும். அப்படியென்றால் கடலிலிருந்து எவ்வளவு ஈரத்தை இந்த ஒரு மூலைக்கு வாரிக்கொண்டு வந்திருக்க வேண்டும் அந்தக் காற்று! ஓலை போட்டு மூடி வைத்திருந்த எங்கள் அம்பாரங்கள் இருந்த இடம் தெரியவில்லை.

தண்ணீர் வடிந்தபின் அப்பாவோடு வரப்பில் நடந்தேன். வெகுநேரம் அவர் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "எங்க போயிரும், கடலுக்குத்தான போயிருக்கு. அடுத்த தடவ கேட்டுட்டு எடுக்கச் சொல்லுட்டி."