பொந்துக்கு எதிரே

பிப்ரவரி 19
மரப் பொந்தின் வாய் இன்று முழுக்க அடைபட்டுவிட்டது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். உள்ளே பெண் இருவாச்சிப் பறவை. தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து உள்ளிருந்தே பூசிக்கொண்டது. இனி மாதக்கணக்கில் வெளியே வராது. சிறகின் பெரிய இறகுகளைக்கூட உள்ளேயே உதிர்த்துவிடும், நினைத்தாலும் பறக்க முடியாது. ஆண் கொண்டுவந்து ஊட்டினால் சாப்பாடு. கொண்டுவராவிட்டால்? “அந்தக் கேள்வியெல்லாம் இங்க உட்கார்ந்து கேட்கக் கூடாது தம்பி” என்றார் அண்ணன்.

பிப்ரவரி 20
ஆண் வந்தது. கண் சிவப்பு, சந்தேகமே இல்லை. பெண்ணுக்கு வெள்ளைக் கண்.

பிப்ரவரி 27
பறவையை விட்டுவிட்டு இன்று மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெடிப்பலா. எப்போதோ ஒரு பெரிய கிளை முறிந்திருக்கிறது. முறிந்த இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கி, பூஞ்சை பிடித்து, உள்மரம் கொஞ்சம் கொஞ்சமாக மக்கிப் பொந்தாகியிருக்கிறது. இவ்வளவு பெரிய அலகு இருந்தும் இருவாச்சிக்கு மரங்கொத்திபோலக் குடையத் தெரியாது. காடு செய்து வைத்திருக்கும் பொந்தைத்தான் தேட வேண்டும். மூன்று கிலோ பறவை குஞ்சோடு உள்ளே இருக்க வேண்டுமென்றால் அடிமரம் எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும்! அப்படிப்பட்ட மரத்தை யாரும் நட முடியாது. கன்றைத்தான் நட முடியும். மரம் வெட்டுகிறவர் கணக்கிலோ பொந்து விழுந்தது பழுதான மரம்.

தாய்லாந்தில் இருவாச்சி ஆய்வாளர் பிலாய் பூன்ஸ்வாட் குழுவினர் செயற்கைக் கூடுகளை மரத்தில் கட்டிப் பார்த்தார்கள். இருவாச்சிகள் அவற்றை ஏற்றுக்கொண்டன. குஞ்சு திருடிக்கொண்டிருந்த ஆட்களையே கூட்டுக்குக் காவலாக வைத்தவர் அவர். அது பெரிய காரியம். ஆனாலும் பெட்டி பெட்டிதான், அதில் பழம் காய்க்காது.

மார்ச் 5
போன் வரவில்லை.

மார்ச் 9
தோட்டத்து எல்லையில் நிற்கும் அத்தியின் கிளைகளைக் கழிக்கப் போகிறார்களாம். மின்கம்பிக்கு இடைஞ்சலாம். எங்கள் ஆண் பறவை காலையில் முதலில் போவது அந்தத் திசைக்குத்தான்.

மற்ற மரங்கள் பெரும்பாலும் பருவம் பார்த்துக் காய்க்கும். அத்தியும் இச்சியும் அப்படி இல்லை. காட்டில் ஏதோ ஒரு மரம் ஏதோ ஒரு மாதத்தில் பழுத்துக்கொண்டே இருக்கும். அதற்குக் காரணம் ஒரு துக்கினிக் குளவி. ஒவ்வொரு வகை அத்திக்கும் அதற்கென்றே குளவி உண்டு, காய்க்குள்ளேயே முட்டையிட்டு, காய்க்குள்ளேயே வளர்ந்து, மகரந்தத்தோடு வெளியேறும். வெளியே வந்தபின் அதன் வாழ்நாள் ஓரிரு நாள். அதற்குள் வேறொரு மரம் தயாராக இருந்தாக வேண்டும். குளவிக்காக மரங்கள் முறை மாறிக் காய்க்கப்போய், வேறு எதுவும் கிடைக்காத மாதத்தில் குரங்கும் பறவையும் வவ்வாலும் பிழைக்கின்றன. “அத்தி எதற்கு சார் ஆகும், விறகுக்குக்கூட ஆகாது” என்கிறார் கிளை கழிக்க வந்தவர். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவருக்கு ஆர்டர் வந்திருக்கிறது.

மார்ச் 16
மதியம் வரை ஆண் வரவில்லை. சாயங்காலமும் இல்லை.

மார்ச் 17
6.40-க்கு வந்தது. தொண்டைக்குள்ளிருந்து பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீறலுக்குள் நீட்டியது. எண்ண மறந்துவிட்டேன். அண்ணன் எண்ணியிருக்கிறார், 23.

மார்ச் 24
பார்வையாளர்கள் வந்தார்கள். கூட்டுக்கு அடியில் அகில், காட்டு ஜாதிக்காய், குங்கிலியம் என்று கொத்துக் கொத்தாக முளைத்திருப்பதைப் பார்த்து, “பறவையே காடு வளர்க்குதே!” என்று ஒரே குதூகலம். பாதி உண்மை. இப்படி நெருக்கியடித்து முளைப்பதில் பெரும்பாலானவை செத்துப்போகும். தாய்மரத்துக்கு அடியில் விழுகிற விதையைப் பூச்சி முதலிய எதிரிகள் தேடி வந்து தீர்க்கின்றன என்று சூழலியலாளர்கள் ஜான்சன் 1970-லும் கானல் 1971-லும் தனித்தனியே சொன்னார்கள். கூட்டுக்கு அடியிலும் ஏறக்குறைய அதே நெரிசல்தான். காடாக வளர்வது, வழியில் எங்கோ தனியாகக் கக்கப்படும் விதை. அதை யாரும் படம் எடுப்பதில்லை.

சேமித்து வைத்து விதைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். இந்தப் பெரிய விதைகளில் பல காய்ந்தால் செத்துவிடும். நெல்லைப்போலக் குதிரில் போட்டு வைக்க முடியாது. விழுந்த கையோடு முளைக்க வேண்டும்.

மார்ச் 30
அம்மா தூங்குகிறாராம். மாலையில் கூப்பிடச் சொன்னார்கள். மாலையில் சிக்னல் இல்லை.

ஏப்ரல் 6
உள்ளே புதுச் சத்தம்!

ஏப்ரல் 7
குஞ்சுதான். இன்று ஆண் கொண்டுவந்தது பழமில்லை, பறக்கும் ஓணான். அண்ணன் சிரித்தது நான் பார்த்த வரையில் இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 13
எங்கோ லட்சம் கன்று நடுகிறார்களாம், செய்தி வந்திருக்கிறது. லட்சத்தில் எத்தனை வகை என்று செய்தியில் இல்லை. சீக்கிரம் வளர்கிற ஒன்றிரண்டு மரமாக இருக்கும். அப்புறம் அதைக் காடு என்பார்கள். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் 1983-ல் அணையைக் கைவிட்டு 1984-ல் தேசியப் பூங்கா அறிவித்தார்களே, அங்கே ஒரு கன்றும் நட வேண்டியிருக்கவில்லை. வெட்டாமல் விட்டார்கள், அவ்வளவுதான். 2012-ல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தாயிற்று. பட்டியலில் இல்லாத துண்டுக் காட்டில் இருக்கிற பொந்துக்கு யார் பொறுப்பு?

கோபத்தில் எழுதுகிறேன். கன்று நடுவதும் வேண்டும்தான், இந்த மண்ணின் மரங்களாகக் கலந்து நட்டு, பல வருஷம் களை எடுத்தால்.

ஏப்ரல் 21
வெயில். ஓரத்து மரங்கள் இலையைக் கொட்டுகின்றன. பிரேசிலில், அமேசான் காட்டில், மனாவுஸ் நகரத்துக்கு அருகே 1979-லிருந்து துண்டுக் காடுகளை அளந்துவருகிறார்கள். விளிம்பிலிருந்து 300 மீட்டருக்குள் பெரிய மரங்கள் ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாகச் சாகின்றன என்று 2000-ல் சொன்னார்கள். காற்று, வறட்சி, கொடிகள். சின்ன மரம் வளைந்து தப்பிக்கும், பெரியது முறியும். பொந்து விழுகிற அளவுக்கு வயதானதுதான் முதலில் போகும்.

எங்கள் மரம் தோட்டத்து எல்லையிலிருந்து எத்தனை மீட்டர் என்று இதுவரை அளக்காமல் இருந்தேன். இன்று அளந்தேன். இங்கே எழுதப்போவதில்லை.

ஏப்ரல் 22
அத்தியில் பாதியை வெட்டிவிட்டார்கள். ஆண் பறவை வந்தது, தாமதமாக, மேற்கிலிருந்து. மேற்கில் என்ன மரம் பழுத்திருக்கிறது என்று அண்ணனுக்கும் தெரியவில்லை. பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 28
போன் வந்தது. நாளை முதல் பஸ்ஸில் கீழே இறங்குகிறேன். பைனாகுலரும் நோட்டும் அண்ணனிடம். “வர்ற நேரத்தை மட்டும் எழுதினாப் போதுமா தம்பி?” என்றார். எந்தத் திசையிலிருந்து என்பதையும் எழுதுங்கள் அண்ணா, கட்டாயம்.