பிள்ளைகள் சாலையைக் கடக்க மாநிலப் பணம் வாங்கிய கதை

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், ஒரு சிறிய நகராட்சியின் பொதுப்பணிப் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். எல் கமினோ ரியல் என்னும் சாலை எங்கள் ஊரின் குறுக்கே ஓடுகிறது. ஊர் நடுவே ஓடினாலும் அது ஊருக்குச் சொந்தமில்லை. மாநில நெடுஞ்சாலை எண் 82. அதில் ஒரு வெள்ளைக் கோடு போடுவதற்கும் மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸின் அனுமதி வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் அதைக் கடக்க ஒரு ஜீப்ரா கிராசிங்கும் எச்சரிக்கை விளக்கும் அமைக்கப் பணம் தேடும் வேலை என் மேசைக்கு வந்தது.

நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் என்று கலிபோர்னியா 2013இல் உருவாக்கிய நிதித் திட்டம் ஏ.டி.பி. அதில் பாதிப் பணத்தை மாநிலப் போக்குவரத்து ஆணையம் மாநிலம் தழுவிய போட்டி வைத்துக் கொடுக்கிறது. 40 விழுக்காடு பெருநகர வட்டாரங்களின் திட்ட அமைப்புகளுக்குப் போகிறது. மீதி 10 விழுக்காடு சிறு நகரங்களுக்கும் கிராமப்புறத்துக்கும். எங்கள் வட்டார அமைப்பு எம்.டி.சி.; 9 கவுண்டிகளும் 101 நகரங்களும் அதன் எல்லைக்குள் வருகின்றன. அதன் ஆணையத்தில் 21 உறுப்பினர்கள், வாக்குரிமை 18 பேருக்கு மட்டும். மாநில அரசின் பிரதிநிதி வாக்கில்லாத மூவரில் ஒருவர். அதாவது, அந்த அவையில் மாநிலம் பேசலாம், கை தூக்க முடியாது. இந்த ஏற்பாட்டை யோசித்தவர்கள் கெட்டிக்காரர்கள்.

விண்ணப்பத்துக்கு மதிப்பெண் 100. தேவை என்ன, விபத்து அபாயம் எவ்வளவு, மக்களைக் கேட்டீர்களா என்று கேள்விகள் நீளும். மக்களைக் கேட்பது பலருக்கு வெறும் சடங்கு. பள்ளி உணவுக்கூடத்தில் நாங்கள் நடத்திய கூட்டத்தில் ஸ்பானிய மொழி பேசும் தாய் ஒருவர் எழுந்து வந்தார். வரைபடத்தில் நாங்கள் வைத்திருந்த மஞ்சள் ஒட்டுத்தாளை உரித்தெடுத்து, பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே ஒட்டினார். "பிள்ளைகள் இங்கேதான் இறங்கி ஓடுகிறார்கள்" என்றார். மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே போய் நின்று பார்த்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கிய பிள்ளைகள் சிக்னல் வரை நடக்காமல், நடுத்திட்டில் ஒதுங்கி நின்று, கார்கள் விட்ட இடைவெளியில் ஓடினார்கள். விண்ணப்பத்தில் கிராசிங் அவர் காட்டிய இடத்துக்கே போனது.

மாநிலப் போட்டியில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பலரும் அத்தோடு கோப்பை மூடிவிடுகிறார்கள். ஆனால் அங்கே தேறாத விண்ணப்பம் வட்டாரப் போட்டிக்கும் போகும். எம்.டி.சி. கேட்ட கூடுதல் படிவத்தை நிரப்பினோம். வட்டாரத் திட்டங்களோடு எங்கள் வேலை எப்படி ஒத்துப்போகிறது என்பதே அதில் முக்கியம். நகர மன்றமும் ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றித் தர வேண்டியிருந்தது. இரண்டாம் சுற்றில் தேறிவிட்டோம். வட்டாரம் தேர்ந்தெடுத்தாலும் அந்தப் பட்டியல் திரும்ப மாநில ஆணையத்திடம் போய் ஒப்புதல் பெற்றாக வேண்டும்.

பெயர் வந்தவுடன் மேயர் வாழ்த்துச் செய்தி வெளியிட்டார். நான் அடுத்த பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பணத்தில் வாஷிங்டனின், அதாவது மத்திய அரசின், பங்கும் இருந்ததால், டி.ஐ.பி. என்னும் வட்டார மேம்பாட்டுப் பட்டியலில் வேலை ஏற வேண்டும். கலிபோர்னியாவில் எம்.டி.சி.யையும் சேர்த்து 18 பெருநகரத் திட்ட அமைப்புகள் உள்ளன. அத்தனை பேரின் பட்டியல்களையும் கால்டிரான்ஸ் ஒன்றாகச் சேர்த்துத்தான் வாஷிங்டனின் ஒப்புதலுக்கு அனுப்புகிறது. ஒரு தொகை மாறினாலும் திருத்தம் போட வேண்டும். அது முடிந்தபின் மாநில ஆணையத்தின் ஒதுக்கீடு, அதன்பின் வேலை தொடங்க அனுமதிக் கடிதம். கடிதம் வருவதற்கு முன் செலவழித்த காசு திரும்பி வராது. வந்தபின்னும் முதலில் நகராட்சி செலவழித்து, பிறகுதான் பில் அனுப்பிப் பெற வேண்டும். சின்ன ஊர்களின் கஜானாவை இது எப்படிப் பிழிகிறது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இதே வழியில் இறங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன். சாலை மாநிலத்துடையது என்றால், விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே கால்டிரான்ஸின் மாவட்டப் பொறியாளரோடு உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் பகுதிக்கு அது ஓக்லண்டில் உள்ள 4ஆம் மாவட்ட அலுவலகம். விளக்குக் கம்பம் எங்கே நிற்கும், மின்கட்டணம் யார் கட்டுவது, பராமரிப்பு யாருடையது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். கட்டுமானப் பணத்தைக் குறித்த நிதியாண்டுக்குள் கேட்டாக வேண்டும்; நீட்டிப்பு வாங்காமல் ஆண்டு கடந்தால் பணம் கைவிட்டுப் போகும். எங்கள் வரைபடங்கள் இப்போது ஓக்லண்டில் பரிசீலனையில் இருக்கின்றன.